உப்புக்குப் பயந்து கழுவினால்

பழவேற்காட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் உப்புக்குப் பயந்துதான் வண்டியைக் கழுவுகிறார்கள். பயம் நியாயமானது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உவர்நீர் ஏரி, நடுவில் மணல் திட்டு. லைட் ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் சைக்கிள் செயினிலிருந்து மீன் ஏற்றும் மினி வேன் வரை இரும்பு எதுவுமே நெடுநாள் தாங்குவதில்லை. சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பூநாரை பார்க்க வருகிறவர்களும், வீடு திரும்பிய மறுநாள் காலை முதல் வேலையாக வாளியும் துணியுமாக வாசலில் நிற்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்து வெயிலில் நிறுத்திய காரின் பானெட்டில் வட்ட வட்டமாக நுண்ணிய கோடுகள் தெரிகின்றன. சிலந்தி வலை பின்னியது போல, சூரியனின் பிம்பத்தைச் சுற்றி. டிடெய்லிங் கடைக்காரர்கள் இதை ‘ஸ்வர்ல் மார்க்’ என்பார்கள். கார்க்காரர் கடற்காற்றைத் திட்டுவார், உப்பைத் திட்டுவார். இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும் என்று முடிவெடுப்பார்.

குற்றம் உப்பின் மீதல்ல. கழுவிய கையின் மீது.

முதலில் உப்புக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். கரையில் அலை உடையும்போது நீருக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத உவர்நீர்த் திவலைகள் தெறிக்கின்றன. காற்று அவற்றைக் கரைக்குக் கொண்டுவருகிறது. பெரிய திவலைகள் கரையருகிலேயே விழுந்துவிடுகின்றன. அதனால்தான் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே துருப்பிடிக்கும் வேகம் வெகுவாகக் குறைகிறது. வண்டியில் படிந்த உப்பு பகலில் காய்ந்து கிடக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோர இரவில் இதற்குக் குறைவே இல்லை. மழை பெய்யாமலே வண்டி உப்புநீரில் நனைகிறது என்று பொருள்.

ஆனால் எங்கே நனைந்தால் ஆபத்து? இரும்பு வெளியே தெரியும் இடத்தில். அடித்தகட்டின் மடிப்பு, கதவின் கீழ் விளிம்பு, ஸ்குரூவின் தலை, சைலன்சரின் வெல்டிங், சக்கரத்துக்கு மேலே சேறு தங்கும் பொந்து. பானெட்டின் நடுப்பகுதியில் இரும்புக்கும் உப்புக்கும் இடையே பல அடுக்குப் பூச்சு முழுசாக இருக்கிறது. உப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நாமோ குனிய வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நின்றபடி கைக்கு எட்டும் பானெட்டையும் கூரையையும்தான் அழுத்தித் துடைக்கிறோம். துருப்பிடிக்கும் இடத்துக்கு நீர் போவதில்லை. துருப்பிடிக்காத இடத்துக்குத் துணி போகிறது.

துணியோடு மணலும் போகிறது.

1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ், எது எதைக் கீறும் என்பதை வைத்துக் கனிமங்களை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். பத்தில் வைரம். கடற்கரை மணலில் பெருமளவு இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. மணலில் அங்கங்கே கறுப்பும் சிவப்புமாக வரியோடும் கனமான துகள்களில் கார்னெட் இருந்தால் அதுவும் ஏறத்தாழ ஏழு. கிளிஞ்சல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். சமையல் உப்பு இரண்டரைக்கு மேல் போகாது. அதோடு நூறு மில்லி நீரில் முப்பத்தாறு கிராம் வரை கரைந்தும் போகும். தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டால் கீறுவதற்கு உப்பு அங்கே இருக்காது. மணல் கரையாது.

இனி மணலுக்கு எதிரே நிற்பதைப் பார்ப்போம். இன்றைய காரின் மேல்தோல் வண்ணம் அல்ல, நிறமற்ற கிளியர் கோட். தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, மின்சாரத்தால் படிய வைத்த துருத்தடுப்புப் படலம், பிரைமர், மெல்லிய வண்ண அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கண்ணாடித் தோல். மொத்தமும் சேர்ந்து 100, 120 மைக்ரான் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமன் எழுபது, எண்பது மைக்ரான்.) வண்ணத்தின் மேல் கிளியர் கோட் என்ற இரண்டு அடுக்கு முறை 1980களில்தான் உலகெங்கும் பரவலானது. அதற்கு முன்பிருந்த அம்பாசடர் காலத்து எனாமலில் வண்ணமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும்.

கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக். அதன் கடினத்தன்மையைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம்: ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பின் மீது இருபது கிலோ அழுத்தினால் அது நிரந்தரமாகக் குழிந்துவிடும். குவார்ட்ஸ் இதைவிடப் பல மடங்கு கடினம். ஒரு பொருள் இன்னொன்றைக் கீறுவதற்கு அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கடினமாக இருந்தாலே போதும் என்பது உராய்வியலில் பழகிப்போன விதி. இங்கே போட்டியே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துணியை ஒரு கிலோ எடைக்கு அழுத்துகிறோம். அந்த எடையைத் துணிக்கடியில் சிக்கிய நூறு மணல் துகள்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். துகளுக்குப் பத்து கிராம். சொல்லும்படியான எடையல்ல. ஆனால் துகள் பூச்சைத் தொடும் பரப்பு அதைவிட அற்பமானது. பத்து கிராமைத் தாங்கும் பரப்பு கிடைக்கும்வரை துகள் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான மணல் என்றால் அது நிற்கும் ஆழம் ஏறத்தாழ 0.8 மைக்ரான். அந்த நிலையில் கை நகர்கிறது. முக்கால் மைக்ரான் ஆழமும் சுமார் இருபத்தைந்து மைக்ரான் அகலமும் கொண்ட பள்ளம் கை போகும் நீளத்துக்கு உழப்படுகிறது. முனை கூரான துகளானால் இன்னும் ஆழம். துணியின் மென்மை எடையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் இந்த அளவு கண்ணுக்குத் தெரியப் போதும்.

காற்றும் மணலை எறிகிறதே என்று கேட்கலாம். பாலைவன மணலை ஆராய்ந்து 1941இல் நூல் எழுதிய ரால்ஃப் பாக்னோல்டு காட்டியபடி, காற்றில் கிளம்பும் மணல் பறப்பதில்லை, தத்துகிறது. பெரும்பகுதி முழங்கால் உயரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கடற்கரையில் நிறுத்திய காரின் பம்பரும் கதவின் அடிப்பாகமும் அதனிடம் அடி வாங்கும்; புள்ளி புள்ளியாக. பானெட்டுக்கு வருவது மணலைவிட மெல்லிய புழுதி. அது சும்மா படிந்திருக்கிறவரை ஒரு தீங்கும் செய்யாது. கோடாக மாற அதற்கு ஒரு கை வேண்டும்.

நல்ல தண்ணீர் குடக் கணக்கில் கிடைக்கும் ஊரில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு நிற்க முடியாது. ஒரு வாளி, ஒரு பழைய லுங்கித் துண்டு. வாளியில் முக்கு, துடை, மறுபடி அதே வாளியில் முக்கு. காரிலிருந்து எடுத்த மணல் வாளிக்குப் போய், வாளியிலிருந்து மறுபடி காருக்கு வருகிறது. கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த சூத்திரத்தைக் கொண்டு, நீரில் ஒரு துகள் என்ன வேகத்தில் இறங்கும் என்று கணக்கிடலாம். 0.1 மில்லிமீட்டர் மணல் நொடிக்கு எட்டு மில்லிமீட்டர் போல இறங்கும். ஒரு அடி ஆழ வாளியின் அடிக்குப் போய்ச் சேர முக்கால் நிமிடம் கூட ஆகாது. அதில் பத்தில் ஒரு பங்கே இருக்கும் ஏரி வண்டல் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதுவும் தண்ணீரை யாரும் கலக்காமல் இருந்தால். விட்டம் பத்து மடங்கு குறைந்தால் வேகம் சுமார் நூறு மடங்கு குறையும் என்பதுதான் இதில் விஷயம். எனவே கலங்கிய வாளியில் முக்கிய துணி ஒருபோதும் சுத்தமான துணி ஆகாது. துடைக்க ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என்று வைத்துக்கொள்ளச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சூத்திரம்தான்.

படகுத்துறைப் பக்கம் வண்டி கழுவித் தரும் இளைஞரிடம் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் சொல்வதைக் கேட்டேன். “தம்பி, தண்ணி மட்டும் ஊத்து. துணி போடாத.” தம்பிக்குக் கோபம். “தொடைக்காம எப்படிண்ணே பளபளப்பு வரும்? அப்புறம் காசு குடுக்க மாட்டீங்க.” இருவர் சொல்வதும் சரிதான். ஈரத்துணி பட்டதும் வரும் பளபளப்பு பொய்யல்ல. நீர்ப்படலம் கீறல்களை நிரப்பிவிடுவதால் ஒளிக்கு அவை கிட்டத்தட்டக் காணாமல் போகின்றன. காய்ந்ததும் திரும்ப வரும். அதற்குள் கூலி கைமாறியிருக்கும்.

இப்போது அந்த வட்டங்கள். வட்டமாகத் துடைத்ததால் வட்டம் வந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மெக்கானிக்குகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். நேராகத் துடைக்கப் பழகுங்கள் என்று அறிவுரையும் தருகிறார்கள்.

சோதிப்பது சுலபம். பானெட்டில் தெரியும் வட்டங்களின் மையத்தைப் பாருங்கள். அங்கே சூரியனின் பிம்பம் இருக்கும். ஓரடி இடப்பக்கம் நகருங்கள். பிம்பம் நகரும், வட்டங்களும் கூடவே நகரும். பூச்சில் வெட்டப்பட்ட வட்டம் உங்களோடு எப்படி நடந்து வரும்? சூரியன் மறைந்த பிறகு இரண்டு தெருவிளக்குகளுக்கு நடுவே காரை நிறுத்தினால், ஒரே பானெட்டில் இரண்டு வட்டத் தொகுதிகள்.

கீறல் என்பது மிக நீண்ட, மிக ஒல்லியான பள்ளம். நீளவாட்டில் அது நேர், குறுக்குவாட்டில் வளைவு. ஆகவே அதன் மீது விழும் ஒளி நீளவாட்டில் சாதாரணக் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பும்; குறுக்குவாட்டில் விசிறியாக விரியும். அந்த விசிறிக்குள் நம் கண் இருந்தால்தான் கீறல் மின்னும். சூரியனின் பிம்பத்துக்கு வலப்பக்கம் ஒரு கீறல் இருப்பதாகக் கொள்வோம். அதன் ஒளி நம் கண்ணுக்கு வரவேண்டுமானால் இயல்பான திசையிலிருந்து சற்றே இடவலமாக விலகியாக வேண்டும். விசிறி இடவலமாக விரிய, கீறல் அதற்குக் குறுக்கே, நமக்கு முன்பின்னாகக் கிடக்க வேண்டும். பிம்பத்துக்கு அப்பால் இருக்கும் கீறலுக்கு இதே நிபந்தனை திரும்பிப் போகிறது: அது இடவலமாகக் கிடக்க வேண்டும். எந்தத் திசையில் பார்த்தாலும், பிம்பத்தை நோக்கிய கோட்டுக்குச் செங்குத்தாகக் கிடக்கும் கீறல்களே மின்னுகின்றன. அவற்றை வரிசையாகச் சேர்த்தால் கிடைப்பது வட்டம். பானெட்டில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து வட்டத்துக்குப் பொருந்துகிறவற்றை மட்டும் ஒளி தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. மற்றவை அங்கேயேதான் இருக்கின்றன, இருட்டாக.

இதைவிட விந்தை, நிஜமாகவே வட்டமாக வெட்டினால் வட்டம் தெரியாது. சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தட்டின் அடியில் கடைசல் இயந்திரம் போட்ட வட்ட வரிகள் இருந்தால், விளக்கொளியில் மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் வெளிச்சக் கம்பிகள்தான் தெரியும். பல வருடம் நார் போட்டுக் கண்டபடி தேய்த்த பழைய தட்டில்தான் விளக்கைச் சுற்றி வட்டங்கள்.

நெதர்லாந்தில் வாழ்ந்த வானியலாளர் மார்செல் மின்னார்ட், திறந்தவெளியில் வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளி விந்தைகளைத் தொகுத்து 1930களில் ஒரு நூல் எழுதினார். இரவில் மரத்துக்குப் பின்னால் தெருவிளக்கு எரியும்போது கிளைகள் விளக்கைச் சுற்றி வட்டமாக வளைந்தது போலத் தோன்றுவது அவர் பார்வையிலிருந்து தப்பவில்லை. கிளைகள் வளைவதில்லை, பொருந்துகிற சுள்ளிகள் மட்டும் மின்னுகின்றன. பழவேற்காட்டுக்காரர்களுக்கு டச்சுக்காரர்கள் புதியவர்கள் அல்ல. 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். கோட்டை போய்விட்டது, 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் செதுக்கிய எழுத்தும் எலும்புக்கூடுகளும் இந்த உப்புக்காற்றிலும் மணலிலும் இன்னும் தெரிகின்றன. கருங்கல்லின் கனிமங்கள் மோஸ் வரிசையில் ஆறு, ஏழு. மணலால் தனக்கு நிகரானதை எளிதில் கீற முடிவதில்லை.

மணலோடு பூச்சு தினமும் மோதும் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் காரைவிடப் படகைப் பார்ப்பதே மேல். கட்டுமரத்துக்குப் பூச்சுக் கவலை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுகப் பெருகிய ஃபைபர் படகுகளுக்கு ஜெல் கோட் எனும் வண்ணப் பிசின் தோல் உண்டு. அரை மில்லிமீட்டர் தடிமன். காரின் கிளியர் கோட்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதுவும் வேண்டியதுதான். ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் படகு முழு எடையோடு மணல் மேல் இழுபடுகிறது. பழுது பார்க்கச் சாய்த்து வைத்த படகின் அடிப்பாகத்தைக் காலை வெயிலில் பாருங்கள். கீறல்கள் எண்ணற்றவை, காரில் இருப்பதைவிட ஆழமானவை. வட்டம் மட்டும் இல்லை. எல்லாக் கீறல்களும் முன்னணியத்திலிருந்து பின்னணியம் நோக்கி ஒரே திசையில் ஓடுவதால், ஒளி அவற்றுக்குக் குறுக்கே ஒரே பட்டையாக இழுபடுகிறது. பட்டை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைப் பார்த்தே படகை எந்த வாக்கில் இழுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். நேராகத் துடைக்கச் சொல்லும் மெக்கானிக்கின் அறிவுரையால் கிடைப்பதும் இதுதான். கீறல் குறையாது, வட்டம் பட்டையாக மாறும். சில கோணங்களில் கண்ணுக்குத் தப்பும் என்பது மட்டுமே லாபம்.

அமெரிக்காவில் வில்லியம் பீட்டி என்ற பொறியாளர் 1990களில் ஒரு கறுப்புக் காரின் பானெட்டில் விசித்திரமான ஒன்றைக் கண்டார். பாலிஷ் துணியைப் பிடித்த கை ஒன்றின் உருவம், பூச்சுக்குள் ஆழத்தில் மிதப்பது போல ஒளிர்ந்தது. துணியில் இருந்த துகள்கள் ஒவ்வொன்றும் ஒரே வடிவ வளைவைச் சற்றே தள்ளித் தள்ளி வரைந்திருந்தன. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கண்ணுக்கு ஒரு புள்ளிதான் மின்னும். மறு கண்ணுக்கு அதே வளைவின் வேறொரு புள்ளி மின்னும். இரு கண்களும் காண்பது வேறுபட்டால் மூளை அதை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. அவர் காம்பஸை எடுத்து பிளாஸ்டிக் தகட்டில் வில் வில்லாகக் கீறி, லேசர் எதுவும் இல்லாமல் முப்பரிமாண உருவங்களை வரைந்து காட்டினார். காரைக் கெடுக்கும் அதே கீறல்தான் இதுவும்.

வெள்ளைக் காரில் இத்தனையும் ஏன் தெரிவதில்லை? கீறல் இருக்கிறது. வெள்ளை நிறமி தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறி அனுப்பும் வெளிச்சத்தில், கீறலின் மெல்லிய மின்னல் அமுங்கிப் போகிறது. கறுப்பு எதையும் திருப்பி அனுப்புவதில்லை; அதன் மேல் மின்னும் சிறு கோடும் எடுப்பாகத் தெரியும். கடலோரத்தில் குடியிருப்பவர் கறுப்புக் கார் வாங்குவது என் கணக்கில் துணிச்சல்தான்.

வந்த கீறலை எடுக்க ஒரே வழி, கீறல் இல்லாத இடத்தையும் கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. ரப்பிங் காம்பவுண்டில் இருப்பவையும் துகள்களே. மணலைவிடப் பன்மடங்கு நுண்ணியவை. பெரிய கீறலை அழித்து, ஒளியால் எளிதில் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறிய ஆயிரம் கீறல்களை அவை போடுகின்றன. 2005 டிசம்பரில் நிசான் நிறுவனம் வெயிலின் சூட்டில் தானே நிரவிக்கொள்ளும் கிளியர் கோட்டை அறிவித்தது. பிளாஸ்டிக் கிழியாமல் குழிந்திருந்தால் மட்டும் அது மீளும். கிழிந்து துகளாக வெளியேறியிருந்தால் மீளாது.

பாலிஷ் எதுவானாலும் கையிருப்பு நாற்பது மைக்ரான்தான். அதில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருளும் இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தமான பாலிஷும் சில மைக்ரானைத் தின்றுவிடும். வருடா வருடம் பாலிஷ் போடும் காரில் கிளியர் கோட் மெலிந்து, பழவேற்காட்டு வெயிலில் வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்த விளிம்பின் வழியே நீர் கீழே இறங்குகிறது. அந்த நீரில் உப்பு இருக்கிறது.